கையெழுத்து அரசுகளுடையது, உழைப்பு யாருடையது?

அனைத்துலகச் சட்டம் என்றதும் நம் கண்முன் வருவது ஒரே காட்சிதான். நீண்ட மேசை, வரிசையாகக் கொடிகள், கோட்டு சூட்டு அணிந்த அமைச்சர்கள், பளபளக்கும் பேனா. மறுநாள் பத்திரிகையில் கைகுலுக்கும் படம். அந்த ஒப்பந்தம் வேண்டும் என்று முதலில் கேட்டது யார், அதன் வரிகளுக்காக மன்றாடியது யார் என்று நாம் யோசிப்பதில்லை.

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் வெளிநாட்டுச் செய்திகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருபவன். அதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. உலகின் சில முக்கியமான ஒப்பந்தங்கள் அரசுகள் தாமாக விரும்பிக் கொண்டுவந்தவை அல்ல. வாக்குரிமையோ கையெழுத்திடும் அதிகாரமோ இல்லாத அரசு சார்பற்ற அமைப்புகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததால் பிறந்தவை. அதற்கு நல்ல உதாரணம் கண்ணிவெடித் தடை ஒப்பந்தம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டில் லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஐநாவுக்கு அறிவித்தன. பாடுபட்டுக் கட்டிய சுவரில் முதல் விரிசல் இது. அந்தச் சுவர் எப்படி எழுந்தது என்று தெரிந்தால்தான் விரிசலின் ஆழமும் புரியும்.

போர் முடிந்தது தெரியாத ஆயுதம்

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு அங்கோர் வாட் பார்க்கச் சியாம் ரியாப் போயிருந்தோம். ஒரு கோயிலுக்குப் போகும் மரநிழல் பாதையோரம் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து அமர்ந்து கெமர் இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் கால் இல்லை. ஒருவருக்குக் கை இல்லை. இன்னொருவருக்குப் பார்வை இல்லை. கண்ணிவெடியில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பக்கத்தில் இருந்த பலகை சொன்னது. “இன்னும் இங்கே சண்டை நடக்குதாப்பா?” என்று மகன் கேட்டான். முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது என்றேன். “அப்புறம் எப்படி?” என்றான்.

கண்ணிவெடியின் கொடுமை முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கிவிடுகிறது. துப்பாக்கியைக் கீழே வைத்தால் அது சும்மா கிடக்கும். மண்ணில் புதைத்த வெடிக்குப் போர் முடிந்த செய்தி போய்ச் சேராது. மிதிப்பது படைவீரனின் பூட்ஸா, விறகு பொறுக்கப் போன சிறுவனின் வெறுங்காலா என்றும் அதற்குத் தெரியாது. ஒன்றைத் தயாரிக்க மூன்று டாலர் போதும்; அதைத் தேடி எடுத்து அழிக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்பது 1990களில் ஐநா சொன்ன கணக்கு.

நம் நாட்டு மூத்தவர்களுக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. 1970களில் தாய்லாந்து எல்லைக் காடுகளில் ‘ஜெராங்காப் சாமார்’ எனப்படும் மறைவெடிகளில் சிக்கி நம் ராணுவ வீரர்கள் பலர் காலை இழந்தார்கள்.

ஆறு அமைப்புகள், ஒரே கோரிக்கை

கண்ணிவெடிக்கு எதிராகச் சட்டமே இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டிலேயே சில மரபுசார் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ஐநா ஒப்பந்தம் வந்துவிட்டது. எங்கே புதைக்கலாம், எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன. புதைக்கவே கூடாது என்று மட்டும் இல்லை. விதிகள் தாளில் இருந்தன. வெடிகள் கம்போடியாவிலும் அங்கோலாவிலும் ஆப்கானிஸ்தானிலும் வயல்களில் இருந்தன.

அந்த வயல்களில் வேலை செய்தவர்கள் மருத்துவர்களும் தொண்டூழியர்களும்தான். கால் துண்டிக்கப்பட்டவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஒருவருக்குப் பொருத்தி அனுப்புவதற்குள் அடுத்தவர் வந்து நின்றார். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்தது. 1991ஆம் ஆண்டில் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பும் மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் அமைப்பும் கம்போடியா நிலவரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்த ஆயுதத்தையே தடை செய்ய வேண்டும் என்று கேட்டன.

அடுத்த ஆண்டு, 1992 அக்டோபரில், இவ்விரண்டோடு பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்காவைச் சேர்ந்த மேலும் நான்கு அமைப்புகள் சேர்ந்து கண்ணிவெடித் தடைக்கான அனைத்துலக இயக்கத்தைத் தொடங்கின. வியட்நாம் போரில் பங்கேற்ற அமெரிக்கப் படைவீரர்களின் அறநிறுவனமும் அந்த ஆறில் ஒன்று. ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ். தொலைபேசியும் தொலைநகலும்தான் அவர்களுடைய முக்கியக் கருவிகள். தலைமையகம் என்று பெரிய கட்டடம் எதுவும் இல்லை. அந்தந்த நாட்டு அமைப்பு அந்தந்த நாட்டு அரசை நெருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இது ராணுவ நிபுணர்களின் விஷயம் என்று இருந்த பேச்சை, மருத்துவமனையின் விஷயமாக மாற்றினார்கள். பாரிஸில் காலணிகளை மலைபோலக் குவித்து, இழந்த கால்களை நினைவுபடுத்தினார்கள். செஞ்சிலுவைச் சங்க அனைத்துலகக் குழுவோ எதிர்த் தரப்பின் மொழியிலேயே பேசியது. முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரைக் கொண்டு பழைய போர்களை ஆராய்ந்து, கண்ணிவெடியால் கிடைத்த ராணுவப் பலன் மிகக் குறைவு என்று 1996ஆம் ஆண்டில் காட்டியது. கண்ணீருக்கு இரங்காதவர்கள் கணக்குக்காவது காது கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒட்டாவாவில் ஓர் எதிர்பாராத அழைப்பு

1995 செப்டம்பரில் வியன்னாவில் தொடங்கிய பழைய ஒப்பந்தத்தின் மறுஆய்வு 1996 மே மாதம் ஜெனீவாவில் முடிந்தது. அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். ஒரு நாடு தலையசைக்க மறுத்தால் போதும். விதிகள் கொஞ்சம் இறுகின. தடை வரவில்லை.

அப்போதுதான் பாதை மாறியது. தடையை ஆதரித்த நாடுகளைத் தனியே ஒரு மேசைக்கு வரவழைக்கும் வேலையை இயக்கத்தினர் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். 1995 மார்ச்சில் பெல்ஜியம் உள்நாட்டுச் சட்டத்தின்வழி தடை விதித்து முதல் நாடாகியிருந்தது. 1996 அக்டோபரில் கனடா ஒட்டாவாவில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. கடைசி நாளில் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி எழுந்து, அடுத்த ஆண்டு டிசம்பரில் முழுத்தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட இதே நகருக்கு வாருங்கள் என்று அழைத்தார். பதினான்கே மாதங்கள். அரசதந்திரிகள் பலர் திகைத்துப்போனார்கள். அறையிலிருந்த இயக்கத்தினர் கைதட்டினார்கள்.

ஆஸ்லோவில் ஒரு நாற்காலி

1997 செப்டம்பர் 1ஆம் தேதி நார்வேயின் ஆஸ்லோவில் இறுதிப் பேச்சு தொடங்கியது. அங்கோலாவில் கண்ணிவெடி வயலில் நடந்து உலகின் கவனத்தைத் திருப்பிய இளவரசி டயானா முந்தைய நாள்தான் பாரிஸில் விபத்தில் இறந்திருந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அறையில் இரண்டு விஷயங்கள் புதியவை. ஒன்று, எல்லாரும் ஒப்ப வேண்டும் என்ற விதி இல்லை. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும். மற்றொன்று, இயக்கத்துக்கு அதிகாரபூர்வ நாற்காலி தரப்பட்டது. வாக்களிக்க முடியாது, ஆனால் பேசலாம், வரைவை வரிவரியாக விமர்சிக்கலாம். எந்த நாடு எந்த வரியில் இழுக்கிறது என்று அன்றன்றே வெளியே சொல்லவும் ஆள் இருந்தது. மூடிய கதவுக்குள் ஒன்று, சொந்த மக்களிடம் இன்னொன்று என்று பேசுவது சிரமமாகிவிட்டது.

அமெரிக்கா சில விலக்குகள் கேட்டது. கொரியத் தீபகற்பத்துக்கு விதிவிலக்கு, நடைமுறைக்குக் கொண்டுவரக் கால அவகாசம் எனப் பட்டியல் நீண்டது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்பதால் இயக்கத்தினர் அசையவில்லை. முன்னின்று பேசிய நாடுகளும் அசையவில்லை. அமெரிக்கா கோரிக்கைகளைத் திரும்பப் பெற்று விலகி நின்றது. வல்லரசு இல்லாமலே ஒப்பந்தம் நிறைவேறியது. எந்த நாடும் எந்தப் பிரிவுக்கும் விலக்கு கேட்க முடியாது என்பதையும் ஒரு பிரிவாகவே எழுதிவிட்டார்கள்.

1997 டிசம்பர் 3, 4 தேதிகளில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. அதே மாதம் நோபல் அமைதிப் பரிசு இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் வழங்கப்பட்டது. இயக்கத்தின் சார்பில் மேடையில் பரிசைப் பெற்றவர் கம்போடியாவின் துன் சன்னாரெத். (துன் என்பது அவர் பெயர், நம் ஊர்ப் பட்டம் அல்ல.) 1982ஆம் ஆண்டில் இரண்டு கால்களையும் இழந்தவர். சியாம் ரியாப்பில் தம்மைப் போன்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுப்பவர்.

கையெழுத்துக்குப் பிறகுதான் வேலை

ஒப்பந்தம் 1999 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கையிருப்பு வெடிகளை நான்கு ஆண்டுகளில் அழிக்க வேண்டும். புதைத்தவற்றைப் பத்து ஆண்டுகளில் அகற்ற வேண்டும். ஆனால் இதைக் கண்காணிக்க ஐநாவில் தனி ஆய்வாளர் படை எதுவும் நியமிக்கப்படவில்லை. அந்தப் பொறுப்பையும் அமைப்புகளே எடுத்துக்கொண்டன. 1999ஆம் ஆண்டு முதல் ‘லேண்ட்மைன் மானிட்டர்’ என்ற ஆண்டறிக்கை வருகிறது. யார் அழித்தார், யார் காலம் தாழ்த்துகிறார், எங்கே எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று நாடு நாடாகச் சொல்கிறது. அரசுகளே மேற்கோள் காட்டும் ஆவணம் அது.

பலன் என்ன? ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் இதுவரை 55 மில்லியனுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளைக் கிடங்கிலிருந்து எடுத்து அழித்திருக்கின்றன. மலேசியா 1999ஆம் ஆண்டில் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தி, 2001ஆம் ஆண்டிலேயே தன் கையிருப்பை அழித்து முடித்தது. சிங்கப்பூர் சேரவில்லை. சிறிய நாட்டின் தற்காப்புத் தேவை என்பது அதன் வாதம். ஆனால் கண்ணிவெடி ஏற்றுமதிக்குக் காலவரையற்ற தடையை அறிவித்து அதைக் கடைப்பிடித்து வருகிறது. சேராதவர்களின் நடத்தையையும் இந்தச் சட்டம் மாற்றியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

இலங்கையில் கதை நீண்டது. போரில் இரு தரப்பும் புதைத்தன. வடக்கே முகமாலை போன்ற இடங்களில் வெடிகள் மிக நெருக்கமாகப் புதைந்திருந்தன. ஹேலோ டிரஸ்ட் 2002ஆம் ஆண்டு முதல் அங்கே வேலை செய்கிறது. உள்ளூர் அமைப்புகளும் செய்கின்றன. கருவியோடு மண்ணில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில்தான் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சட்டம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே வேலை தொடங்கிவிட்டது. சட்டம் வந்த பிறகு அந்த வேலை அரசின் கடமையாகவும் ஆனது.

ஒரு மலேசிய மருத்துவரின் மின்னஞ்சல்

இந்த வெற்றியைப் பார்த்து வேறொரு கனவு கண்டவர் நம் நாட்டுக்காரர். மகப்பேறு மருத்துவர் ரொனால்ட் மெக்காய், அணுவாயுதப் போரைத் தடுப்பதற்கான அனைத்துலக மருத்துவர் அமைப்பின் இணைத் தலைவராக இருந்தவர். 2005ஆம் ஆண்டில் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு எதுவும் சாதிக்காமல் கலைந்தது. அதன்பின் அவர் சக மருத்துவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். கண்ணிவெடி இயக்கத்தைப் போலவே அணுவாயுதத்துக்கும் ஓர் உலக இயக்கம் தொடங்குவோம் என்பது அவர் யோசனை. அதற்குப் பெயரையும் அவரே வைத்தார்.

அந்த இயக்கம்தான் ‘ஐகேன்’. 2007ஆம் ஆண்டில் மெல்பர்னில் தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 7ஆம் தேதி, அணுவாயுதத் தடை ஒப்பந்தம் ஐநாவில் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்தது நெதர்லாந்து மட்டும். வாக்களிப்பிலிருந்து விலகி நின்றது சிங்கப்பூர் மட்டும். அணுவாயுதம் வைத்திருக்கும் நாடுகள் அந்தப் பக்கமே வரவில்லை. அவ்வாண்டு நோபல் அமைதிப் பரிசு ஐகேனுக்குக் கிடைத்தது. மலேசியா 2020ஆம் ஆண்டில் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது.

அணுகுண்டு ஒன்றுகூட இதனால் குறையவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவரின் யோசனை பன்னிரண்டு ஆண்டுகளில் ஐநா ஒப்பந்தமாக வளர்ந்தது என்பதும் உண்மை. நம் பள்ளிப் பாடங்களில் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

அமைப்புகளைப் பாராட்டிக்கொண்டே போனால் நியாயமாகாது. நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி இது: இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான பெரிய அமைப்புகளின் தலைமையகங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. எந்தப் பிரச்சினை உலகப் பிரச்சினை ஆக வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்களோ என்ற சந்தேகம் அர்த்தமற்றது அல்ல.

நான் யோசித்துப் பார்த்தேன். 1945ஆம் ஆண்டின் ஐநா சாசனம், 71ஆவது பிரிவில், இத்தகைய அமைப்புகளோடு கலந்தாலோசிக்க வழி செய்திருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு இன்று அந்தத் தகுதி உண்டு. ஆலோசனை சொல்லலாம், முடிவு எடுக்க முடியாது. ஆஸ்லோவிலும் கை தூக்கியவை அரசுகள்தான். ஆகவே அமைப்புகளின் ஒரே பலம் நம்பகத்தன்மை. சொன்ன தகவல் பொய்யாகிவிட்டால் மறுமுறை கதவு திறக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெனீவாவில் ஜெயித்தது நம் வீட்டு வரவேற்பறையில் தோற்கலாம். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனமும் அமைப்புகளின் பெரும் கூட்டணி ஒன்று பாடுபட்டதால் 1998ஆம் ஆண்டில் உருவானதுதான். மலேசியா 2019 மார்ச்சில் அதில் சேர்ந்தது. மன்னர்களின் நிலை என்னவாகும் என்ற சர்ச்சை கிளம்பியதும் ஏப்ரலிலேயே விலகிக்கொண்டது. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். மக்களுக்கு விளக்கிச் சொல்லாத சட்டம் இரண்டு மாதம்கூடத் தாங்காது என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

இப்போது வந்திருக்கும் சோதனை

மீண்டும் அந்த ஐந்து நாடுகளுக்கு வருவோம். ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ரஷ்யா இந்த ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. எதிரிக்கு இல்லாத விதி நமக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள். உக்ரேனும் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்படி நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் வழியே இல்லை. போர் நடக்கும்போது விலக முடியாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த மக்களின் பயம் நிஜமானது. ஆனாலும் அமைதிக் காலத்தில் மட்டும் பின்பற்ற இப்படியொரு ஒப்பந்தம் தேவையே இல்லை. போர்க்காலத்துக்காகத்தான் அதை எழுதினார்கள். எல்லையில் இன்று புதைக்கும் வெடியை நாளை மிதிக்கப்போவது அவர்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அப்படியானால் சட்டம் செத்துவிட்டதா? நமக்குப் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 2025 ஜூலையில் எல்லையில் தாய்லாந்து வீரர்கள் கண்ணிவெடியில் காயமடைந்தார்கள். கம்போடியா புதிதாகப் புதைத்தது என்று தாய்லாந்து குற்றம் சாட்டியது. அவை பழைய வெடிகள் என்று கம்போடியா மறுத்தது. உண்மை எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஆமாம், புதைத்தோம், அது எங்கள் உரிமை’ என்று எவரும் சொல்லவில்லை. முன்பு சாதாரணமாகச் செய்யப்பட்ட ஒன்று இன்று மறுக்க வேண்டிய பழியாகிவிட்டது. ஆறு அமைப்புகள் தொடங்கிவைத்த வேலையின் மிகப் பெரிய பலன் இதுதான் என்பேன்.

அந்தப் பழியுணர்ச்சி தானாக நிலைத்திருக்காது. ‘மானிட்டர்’ அறிக்கைப்படி 2023ஆம் ஆண்டில் உலகில் 5,700க்கும் மேற்பட்டோர் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் பாதிக்கப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு பட்டியலில் முதலிடம் மியன்மாருக்கு. நமக்கு வெகு தூரத்து நாடு அல்ல அது. அந்த எண்ணை யாராவது ஊர் ஊராகப் போய் எண்ண வேண்டும். யாராவது எழுத வேண்டும். யாராவது அமைச்சரின் மேசையில் வைக்க வேண்டும்.

சட்டம், மருத்துவம், இதழியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கே இடம் இருக்கிறது. ‘மானிட்டர்’ அறிக்கையை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒப்பந்த நாடுகள் ஆண்டுதோறும் ஐநாவுக்குக் கொடுக்கும் அறிக்கைகளும் அங்கே கிடைக்கின்றன. நம் நாடு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்று ஒருமுறை தேடிப் படித்துப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.